சரிவு நிலத்தில் முளைச்சுவர்

எம்மூர் நீலகிரி மலையிற் குன்னூரை அடுத்துள்ளதொரு சிற்றூர். ஆங்கு ஒருவர் முற்றம் மற்றொருவர் கூரைக்கு மேலாக இருக்கும். மலையைச் செதுக்கித் தளம் வகுத்தாலன்றி ஒரு மாட்டுக்கொட்டில் தானும் அமைத்தல் இயலாது. எம் வீட்டின் கீழ்ப்புறத்து உருளைக்கிழங்குத் தோட்டம் சரிவாக இறங்கி முடியுமிடத்தில், மண் கீழே விழாதவாறு, எம் பாட்டனார் காலத்திற் பழைய தண்டவாளத் துண்டுகளை வரிசையாக ஊன்றி, அவற்றின் பின்னே பலகைக்கற்களை அடுக்கி ஒரு தடுப்பு அமைத்திருந்தனர். துண்டு ஒவ்வொன்றும் 18 அடி நீளம்; 11 அடி மண்ணுள்ளும் 7 அடி வெளியிலுமாக நின்றது. பல்லாண்டு அசையாது நின்ற அத்தடுப்பு, யாம் பள்ளியிற் பயின்ற காலத்து ஐப்பசி அடைமழையொன்றில் ஓரிரவிற்குள் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது.

காரணம் யாதென்று ஊரார் பலவாறு கூறினர். மழை மிகுதி என்றனர் சிலர். தோட்டத்திற்குப் பாய்ச்சிய நீர் என்றனர் வேறு சிலர். எந்தையாரும் தம் மேலேயே குறை கொண்டார். ஒருவரும் எண்ணாதது ஒன்று இருந்தது. அவ்வாண்டு மாசித் திங்களிற் கீழ்வீட்டார் தம் மாட்டுக்கொட்டிலுக்கு இடம் வேண்டித் தடுப்பின் முன்னுள்ள தம் நிலத்தை 3 அடி ஆழம் வெட்டித் தளம் இறக்கியிருந்தார். பின்னர் அதனை ஒருவர் எடுத்துரைத்தபொழுது அவர் எந்தையாரை நோக்கி, "உங்கள் சுவரை நான் தொடவேயில்லையே, தம்பி, என் நிலத்து மண்ணைத்தானே எடுத்தேன்?" என்றார். எந்தையாரிடத்து அதற்கு விடையில்லை. எமக்கும் அன்று விடை தெரியாது. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் இத்துறையிற் புகுந்தது, விடுதித் தோழர் ஒருவர் தம் தமையனாரின் பொறியியற் குறிப்பேடுகளை எமக்குக் காட்டியதனாலாம். அவற்றிற் கண்டதனை எம் கல்லூரி அன்பர்க்கு இயன்ற அளவு எளிய சொற்களால் விளக்க முயல்கின்றோம்.

மண்ணைத் தாங்கும் சுவர் இருவகைப்படும். ஒன்று தன் எடையால் நிற்பது. நம் மலைப்பாதை ஓரங்களிற் காணும் கருங்கற் சுவர்கள் இவ்வினத்தன. மற்றொன்று தான் ஊன்றிய ஆழத்தால் நிற்பது. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று விளிம்பிற் கோத்து, சம்மட்டிப் பொறியால் நிலத்துள் அடித்து இறக்குவர். இதனைப் பொறியாளர் 'ஷீட் பைல்' என்பர். யாம் முளைத்தகடு என்போம். முளை என்னும் சொல்லே வியப்புடையது. விதையினின்று மேலெழுவதும் முளை, கன்றைக் கட்டுதற்கு நிலத்துள் அடிப்பதும் முளை. வார்த்தை ஒன்றாயினும் போகும் திசை வேறு. ஜெர்மனி நாட்டுப் பிரேமன் நகரத்துப் பொறியாளர் லார்சன் என்பார் 1902-இற் புதிதாக வகுத்த, தொட்டிபோற் குழிந்த வடிவுடைய தகடுகளே இன்றும் அவர் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றன. ஆற்றங்கரை, துறைமுகம், கால்வாய், ஆழ்ந்த அடித்தளக்குழி முதலியவற்றில் இவை பெரிதும் பயன்படும். உருண்டைப் பாறைகள் விரவிய எம் மலை மண்ணில் இவற்றை அடித்திறக்குதல் அரிது. ஆயினும் எம் பாட்டனார் ஊன்றிய தண்டவாளம் இவற்றின் ஏழை உறவினன் என்னலாம்.

இம்முளைச்சுவர்க்கு மேலே கட்டிப் பிடிக்கும் கம்பியோ முட்டுக்காலோ இல்லையாயின் அதனைக் காண்டிலீவர் என்பர். ஒருமுனை மட்டும் பற்றப்பெற்று மறுமுனை வெறுமையாய் நிற்பது என்பது பொருள். மணலில் ஊன்றிய கோலின் தலையைத் தள்ளிப் பாருங்கள். தலை முன்னே போகும். மணலுள் இருக்கும் பகுதி தன் முன்னுள்ள மணலை நெருக்கும். கோலின் அடிநுனியோ பின்னோக்கி உதைக்கும். ஆகவே கோல் மண்ணுள் ஓரிடத்தை அச்சாகக் கொண்டு சுழல முயல்கின்றது. முன்னுள்ள மண்ணும், அடிநுனிக்குப் பின்னுள்ள மண்ணும் கூடி அச்சுழற்சியைத் தடுக்கின்றன. முளைச்சுவர் நிற்பதும் இம்முறையானே.

இனி, மண் எத்துணை வலிமையோடு தள்ளும்? இதனை முதன்முதல் முறையாகக் கணித்தவர் கூலோம் என்னும் பிரெஞ்சுக்காரர். மின்விசை பற்றிய இவரது விதியை இயற்பியல் மாணவர் யாவரும் அறிவர். ஆனால் இவர் தொழிலாற் படைப்பொறியாளர் என்பதைப் பலர் அறியார். 1764 முதல் 1772 வரை மார்த்தினீக் தீவிற் கோட்டை கட்டும் பணியில் இருந்து, உடல்நலம் குன்றித் தாய்நாடு மீண்டு, 1773-இற் பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தின் முன் தம் ஆராய்ச்சியை வைத்தார். அது 1776-இல் அச்சாயிற்று. சுவர் சிறிதே முன்னகர்ந்தால் அதன் பின்னுள்ள மண்ணில் ஆப்பு வடிவான ஒரு பகுதி பிளந்து சரிய முற்படும். அவ்வாப்பின் எடையையும், அது வழுக்கும் பரப்பின் உராய்வையும் கொண்டு சுவரின்மேல் விழும் விசையைக் காணலாம் என்பது அவர் கண்ட நெறி. பின்னர் 1857-இல் ஸ்காட்லாந்து நாட்டு இராங்கின் வேறொரு வழியால் இப்பொருளை ஆராய்ந்தார்.

பின்மண் சுவரைத் தள்ளுவதனை உந்தழுத்தம் என்றும், சுவர் தன்னை நெருக்குங்கால் முன்மண் எதிர்த்து நிற்பதனை எதிரழுத்தம் என்றும் ஈண்டு கூறுவோம். உராய்வுக் கோணம் 30 பாகையுடைய மணலைக் கொள்வோம். நிலம் சமமாயின், ஓர் ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் மண்ணெடை எவ்வளவோ அதில் மூன்றிலொரு பங்கே பக்கவாட்டில் உந்தும். எதிரழுத்தமோ அவ்வெடையின் மூன்று மடங்கு வரை எழ வல்லது. ஒரே மண் தள்ளுங்கால் 1 பங்கும், எதிர்க்குங்கால் 9 பங்குமாக நிற்கின்றது. காரணம் எளிது. பின்னுள்ள ஆப்பு கீழ்நோக்கி வழுக்குகின்றது, உராய்வு அதனைப் பிடித்திழுக்கின்றது. முன்னுள்ள ஆப்பினையோ சுவர் மேல்நோக்கித் தூக்கியெறிதல் வேண்டும், அங்கே எடையும் உராய்வும் ஒருங்கே சுவர்க்குத் துணையாகின்றன. முளைச்சுவர் என்பதொன்று நிற்பதே இவ்வொன்பது மடங்கின் பயனாலாம்.

சமநிலத்தில் 10 அடி வெளியே நிற்கும் சுவர்க்கு ஊன்ற வேண்டும் ஆழத்தை இப்பொழுது கணிக்கலாம். அழுத்தம் ஆழத்தோடு ஏறுதலின் விசை ஆழத்தின் இருபடியாகவும், அடிநுனியைப் பற்றிய திருப்பம் முப்படியாகவும் வளரும். ஆகவே உந்தும் மண்ணின் முழு உயரத்திற்கும் எதிர்க்கும் மண்ணின் ஆழத்திற்கும் உள்ள விகிதம் 9-இன் முப்படி மூலமாகிய 2.08 ஆதல் வேண்டும். அஃதாவது ஏறத்தாழ 9¼ அடி. அடிநுனியின் பின்னுதைப்புக்கு இடம் வேண்டி இதனை ஐந்தில் ஒரு பங்கு மிகுத்துக் கொள்வது வழக்கம். ஆக 11 அடி. வெளியே நிற்பதினும் உள்ளே நிற்பது மிகுதி என்பதைக் கருதுக. இஃது சுவர் விழாமல் நிற்பதற்குரிய எல்லை மட்டுமே. காப்புக்குரிய மிகை இன்னும் சேர்க்கப்படவில்லை.

நிலம் சரிவாயின் என்னாகும்? 11 அடிக்கு 4 அடி ஏறும் சரிவைக் கொள்வோம்; அஃது 20 பாகை. சுவர்க்கும் மண்ணுக்கும் இடையே உராய்வில்லை எனக் கொண்டு கூலோம் முறையாற் கணித்தால், பின்னிலம் மேல்நோக்கிச் சரிந்திருக்கும்பொழுது உந்தழுத்தப் பங்கு 0.33-இலிருந்து 0.44 ஆகின்றது, ஆப்பின் தலைமேல் மிகுதியான மண் ஏறி நிற்றலின் இது நேரும். முன்னிலம் கீழ்நோக்கிச் சரிந்திருக்குமாயின் எதிரழுத்தப் பங்கு 3-இலிருந்து 1.55 ஆகக் குறைகின்றது; தூக்கியெறிய வேண்டிய ஆப்பின் தலையை யாரோ சீவிவிட்டார் போலும்! இவற்றைக் கொண்டு முன்போற் கணித்தோமாக, பின்னிலம் மட்டும் சரிவாயின் ஆழம் 13½ அடி. முன்னிலம் மட்டும் சரிவாயின் 18 அடி. இருபுறமும் சரிவாயின் 23 அடி என விடைகள் வந்தன.

இவ்விடைகளை முதலிற் கண்டபொழுது யாம் கணக்கிற் பிழை செய்தோம் என்றே எண்ணி மும்முறை திருப்பிப் பார்த்தோம். மலைச்சுவர் என்றவுடன் நம் கண் மேல்நோக்கியே செல்கின்றது. மேலே கவிந்து நிற்கும் மண்ணே அச்சம் தருவது. ஆனால் அது கூட்டுவது 2½ அடி ஆழம். காலடியிற் சரிந்திறங்கும் முன்னிலம் கூட்டுவதோ 7 அடி. இருபுறச் சரிவில் தகட்டின்மேல் விழும் வளைவுத் திருப்பமும் சமநிலத்தில் உள்ளதன் 2.7 மடங்காகின்றது, ஆகவே தகடு நீள்வதோடன்றித் தடிக்கவும் வேண்டும்.

சரிவு மேலும் செங்குத்தாகி மண்ணின் உராய்வுக் கோணமாகிய 30 பாகையையே எட்டுமாயின் இரண்டு பங்குகளும் 0.75 என ஒன்றாகிவிடுகின்றன. ஒன்பது மடங்கென நின்ற மேம்பாடு முழுதும் அழிந்தது. அப்பொழுது எத்துணை நீளமான தகட்டை இறக்கினும் சுவர் நில்லாது; ஆழம் முடிவிலியாம் என்று கணக்கு விடை கூறுகின்றது. மணற்குவியலின் சரிவில் துரும்பு ஊன்றி விளையாடிய சிறுவர் இதனைக் கணக்கின்றியே அறிவர்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சுவரின் உயரம் இருமடங்கானால் வளைவுத் திருப்பம் எண்மடங்காகும். அதனாலேயே ஏறக்குறைய 15 அடிக்கு மேற்பட்ட உயரத்திற்குக் காண்டிலீவர்ச் சுவரைப் பொறியாளர் விரும்புவதில்லை. தலையைப் பின்னே கம்பியாற் கட்டி நங்கூரமிடுவர். மெய்யான சுவரில் உராய்வும் உண்டு. அதனைச் சேர்த்துக் கணிக்குங்கால் கூலோமின் நேர்ப்பரப்பு ஆப்பு எதிரழுத்தத்தை உள்ளதனினும் மிகுத்துக் காட்டும். ஆதலின், வளைந்த வழுக்குப் பரப்பினைக் கொண்டு காக்கோ, கெரிசெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1948-இல் வெளியிட்ட அட்டவணைகளைப் பலர் பயன்படுத்துவர்.

இனி நீர். மண் தன் எடையில் மூன்றிலொரு பங்கையே பக்கத்தில் செலுத்தும் என்றோம். நீர்க்கு அவ்விரக்கம் இல்லை. தன் எடை முழுவதையும் பக்கவாட்டிற் செலுத்தும். சுவரின் பின்னே நீர் தேங்கி மேல்மட்டம் வரை நிற்குமாயின், மண்ணும் நீரும் கூடித் தள்ளும் விசை உலர்ந்த மணல் தள்ளுவதன் இருமடங்கை எட்டும். செங்களிமண்ணின் ஒட்டும் தன்மை கோடையில் நமக்குத் துணை நிற்பது போலக் காட்டி, மழையிற் கைவிடும். சுவரில் நீர்த்துளைகள் விடுவதும், பின்னே சரளை இடுவதும் இதன் பொருட்டே.

முளைச்சுவரும் சரிவும் நீரும் ஓரிடத்திற் கூடினால் என்ன நேரும் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் நகரம் சான்றாயிற்று. அமெரிக்க நாட்டின் இந்நகரத்தில் ஏறத்தாழப் பாதி கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. மழைநீரை இறைத்து வடக்கேயுள்ள பாஞ்சர்ட்ரெயின் ஏரியிற் சேர்க்கும் கால்வாய்களின் இருகரையிலும் மண்ணணை உண்டு. அவ்வணையின் முகட்டில் முளைத்தகடுகளை இறக்கி, மேற்பகுதியைக் காங்கிரீட்டால் மூடிச் சுவராக்கியிருந்தனர். கால்வாய்ப்புறம் நீர், நகர்ப்புறம் அணையின் சரிவு, சரிவின் அடியில் வீடுகள். அஃதாவது, எதிரழுத்தம் தர வேண்டிய முன்னிலம் கீழ்நோக்கிச் சரிந்த நிலம். அதன் கீழே மெல்லிய களிமண்ணும் மக்கிய சதுப்பு மண்ணும்.

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனாப் புயல் ஏரிநீரைக் கால்வாய்களுள் ஏற்றியது. பதினேழாம் தெருக் கால்வாயில் நீர் சுவரின் உச்சியைத் தொடுமுன்னரே சுவர் பிளந்தது. பிளவின் அகலம் ஏறக்குறைய 450 அடி. ஆராய்ந்தோர் கண்டது இது: நீர் அழுத்தியபொழுது சுவர் நகர்ப்புறமாகச் சிறிது வளைந்தது, வளையவே கால்வாய்ப்புறத்தில் தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் இடுக்கு உண்டாயிற்று, அவ்விடுக்கில் நீர் இறங்கித் தகட்டின் ஆழம் நெடுகத் தன் முழு அழுத்தத்தையும் செலுத்தியது. நகர்ப்புறத்து அணைப்பாதி தகட்டோடு சேர்ந்து, கீழேயுள்ள மென்களிமண்ணின்மேல் வழுக்கி, 40 அடிக்கு மேல் நகர்ந்து சென்றது. இலண்டன் அவெனியூக் கால்வாயிலும் இரு பிளவுகள் நேர்ந்தன. நகரத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரில் ஆழ்ந்தது. அப்புயலில் இறந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

இவ்விடுக்கு முன்பே அறியப்படாததன்று. 1985-இல் அமெரிக்கப் படைப்பொறியாளர் லூசியானா மாநிலத்து அச்சாஃபலாயாப் பகுதியில் இத்தகைய சுவரொன்றை அமைத்து, நீர் நிரப்பிச் சோதித்தனர். நீர் கசியாதிருத்தற்பொருட்டு விரித்த தார்ப்பாய் இடுக்கை மறைத்துவிட்டது. அச்சோதனையைத் தவறாகப் பொருள் கொண்டமையால், 31 முதல் 46 அடி வரை இறக்க வேண்டிய தகடுகள் 17 அடியே போதுமெனக் கருதப்பட்டன என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகின்றது. இதனால் மிச்சமான பணம் ஏறத்தாழ 10 கோடி டாலர். அழிவிற்குப் பின், ஒப்பந்தக்காரர் குட்டைத் தகடுகளை இட்டு ஏமாற்றினரோ என்ற ஐயத்தால் 2005 டிசம்பரில் எஞ்சிய தகடுகளைப் பிடுங்கி அளந்தனர். அளவு வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. கையாட்கள் ஏமாற்றவில்லை, பிழை தாளிலேயே இருந்தது.

அவ்வணையிற் சுவர் மட்டும் சாயவில்லை, சுவரும் நிலமும் ஒருங்கே நகர்ந்தன என்பது நோக்கத்தக்கது. ஊன்றும் ஆழத்தைச் செவ்வையாகக் கணித்தாலும், தகட்டின் அடிநுனிக்கும் கீழே செல்லும் வில் போன்ற வளைவொன்றில் மலைச்சரிவே வழுக்குமாயின் சுவர் அதனோடு பயணம் போகும். சுவீடன் நாட்டு கோத்தன்பர்க்குத் துறைமுகத்தில் 1916-இல் ஒரு கரை இவ்வாறு சரிந்தது. பெட்டர்சன், ஹுல்ட்டின் என்போர் அதனை ஆராய்ந்து, வட்ட வளைவாகக் கொண்டு கணிக்கும் முறையை வகுத்தனர். அந்நாட்டவரான பெல்லேனியஸ் அதனை மேலும் வளர்த்தார். சரிவு நிலத்தில் முளைச்சுவர் அமைப்போர் ஊன்றும் ஆழம் ஒன்று, தகட்டின் தடிப்பு ஒன்று, சரிவு முழுவதன் நிலைபேறு ஒன்று என மூன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். மூன்றில் எது மிகுந்த ஆழம் கேட்கின்றதோ அதுவே ஆழம்.

மீண்டும் எம் வீட்டுத் தோட்டத்திற்கு வருவோம். தண்டவாளங்கள் இடைவிட்டு நிற்பன. ஆதலின் மேற்கூறிய கணக்கு அவற்றிற்கு முற்றும் பொருந்தாது. எனினும் போக்கு விளங்கும். பின்னிலம் 20 பாகைச் சரிவு, முன்னிலம் சமம் என்று கொண்டால், 7 அடி உயரத்திற்கு வேண்டும் ஆழம் 9½ அடி, இருந்தது 11. கீழ்வீட்டார் 3 அடி வெட்டியபின் உயரம் 10 அடியாயிற்று; வேண்டும் ஆழம் 13½ அடி, இருந்ததோ 8. மாசி முதல் ஐப்பசி வரை அத்தடுப்பு நின்றதே களிமண்ணின் ஒட்டுத்தன்மையால் என்க. மழை அதனையும் எடுத்துக்கொண்டது. அவர் எம் சுவரைத் தொடவில்லை என்றது மெய்யே; சுவரின் பாதி அவர் நிலத்து மண்ணாயிருந்தது என்பதை அவரும் அறியார், எந்தையாரும் அறியார்.

சென்ற கோடை விடுமுறையில் இக்கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு யாம் கீழ்வீட்டிற்குச் சென்றோம். பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்களைப் பாராமல் படத்தையே நெடுநேரம் நோக்கினார். "அப்படியென்றால் என் கொட்டில்மேலல்லவா அது விழப் பார்க்கிறது!" என்றார். சித்திரை முடியுமுன் கொட்டிலை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டு, வெட்டிய பள்ளத்தில் மண்ணும் கல்லும் இட்டு, அரையடிக்கு ஒருமுறை திமிசுக்கட்டையால் இடித்தார். திரும்ப இட்ட மண் பழைய மண்ணுக்கு நிகராகாது. எதிரழுத்தம் முழுதும் எழுவதற்குச் சுவர் நன்றாக நகர்ந்து நெருக்க வேண்டும் என்பதும் நூல்களிற் காணும் செய்தி. ஆகவே எந்தையார் கற்களுக்கிடையே நீர் வழிய இடம்விட்டு, திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடுத் தண்டவாளத்தின் தலையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, சாய்வை விரற்கடையால் அளந்து நாட்காட்டியிற் குறித்து வருகின்றார். ஐப்பசி மழைக்குப்பின் வந்த கடிதத்தில் அவ்வளவு முன்போலவே ஐந்து விரற்கடை என்று எழுதியிருந்தது.